ஒருங்கிணைப்புச் சோதனை ஓர் இயங்குதளத்தில் தேறி இன்னொன்றில் தோற்கிறது: கோப்பு வரிசைதான் காரணமா?

கேள்வி, மார்ச் 4, 2024

எங்கள் ஒருங்கிணைப்புச் சோதனை (மென்பொருளின் பகுதிகள் ஒன்றுசேர்ந்து சரியாக இயங்குகின்றனவா என்று பார்ப்பது) ஓர் அடைவிலுள்ள, அதாவது ஃபோல்டரிலுள்ள, மாதிரிக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறது. ஏற்றி முடித்ததும் கிடைக்கும் அறிக்கையை, முன்பே சேமித்து வைத்த எதிர்பார்ப்புக் கோப்புடன் ஒப்பிடுகிறது. விண்டோஸ் கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் தேறுகிறது. நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் சிஐ சர்வரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் தோற்கிறது. ஆனால் சக ஊழியர் ஒருவரின் லினக்ஸ் மடிக்கணினியில் அதே சோதனை தேறுகிறது. இது பைத்தான் மொழியின் பிழையா? படிக்கும் முன் கோப்புகளை வரிசைப்படுத்திவிட்டால் போதுமா?

மார்ச் 5, 2024

இது மொழியின் பிழை அன்று. அடைவிலுள்ள பெயர்களைத் தரும் லிஸ்ட்டிர் போன்ற செயற்கூறுகள், இயங்குதளம் எந்த வரிசையில் பெயர்களைக் கொடுக்கிறதோ அந்த வரிசையிலேயே நம்மிடம் சேர்க்கின்றன. பைத்தான் ஆவணமே வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்கிறது. அடியில் இருக்கும் ரீட்டிர் அழைப்புக்கு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையும் எந்த வரிசையையும் உறுதியளிக்கவில்லை.

விண்டோஸில் உங்களுக்கு அகரவரிசை கிடைப்பதற்குக் காரணம், என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) அடைவின் அட்டவணையைப் பெயர் வரிசைப்படி ஒரு பி-மரமாக அடுக்கி வைத்திருப்பதுதான். லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 அப்படிச் செய்வதில்லை. அது பெயரின் எழுத்துகளைக் கலைத்து ஹாஷ் எனப்படும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணின் வரிசையில் பெயர்களைத் தருகிறது. அந்தக் கணக்கில் கலக்கப்படும் தொடக்க விதை எண், வட்டை வடிவமைக்கும்போது ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் தனித்தனியாக எழுமாறாக உருவாக்கப்படுகிறது. ஆகவே ஒரே லினக்ஸ் பதிப்பு, ஒரே கோப்புகள், ஒரே நிரல் என்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும், இரண்டு இஎக்ஸ்டி4 வட்டுகள் இரண்டு வெவ்வேறு வரிசைகளைத் தரலாம். உங்கள் சக ஊழியரின் மடிக்கணினியில் சோதனை தேறியதற்கும், சர்வரில் திரும்பத் திரும்பத் தோற்றதற்கும் இதுவே விளக்கமாக இருக்கக்கூடும்: ஒவ்வோர் இயந்திரமும் தன்னளவில் மாறாத வரிசையைத் தருகிறது, ஆனால் அவ்வரிசைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

நம் கண்ணை ஏமாற்றுவது எல்எஸ் கட்டளை. அது தானாகவே வரிசைப்படுத்திக் காட்டுவதால், வட்டிலும் கோப்புகள் அப்படியே இருக்கின்றன என்று எண்ணிவிடுகிறோம். வரிசைப்படுத்தாமல் காட்டு என்று சொல்லும் விருப்பத்துடன் அதே கட்டளையை இரு இயந்திரங்களிலும் ஓட்டிப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால், படிக்கும் முன் ஒரு வரியில் வரிசைப்படுத்திவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

மார்ச் 5, 2024, இரவு

‘தீர்ந்தது’ என்று எழுதியது எனக்கே உறுத்துகிறது. எதன் அடிப்படையில் வரிசைப்படுத்துவது என்பதை நான் சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 7, 2024

இந்தச் சிக்கலில் நான் மூன்று நாள் தொலைத்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பதினான்கு மாதிரிக் கோப்புகளை ஏற்றும் சோதனை ஒன்று இருந்தது. புதிய சிஐ சர்வருக்கு மாறிய அன்று, அயல் திறவுகோல் மீறப்பட்டது, அதாவது ஒரு பதிவு சுட்டும் மற்றொரு பதிவு தரவுத்தளத்தில் இல்லை, என்ற பிழையுடன் அது நின்றது. தரவுத்தள இணைப்பு நிரலைச் சந்தேகித்தோம், பதிப்பைப் பின்னுக்கு மாற்றினோம், பயன் இல்லை. முந்தைய பதிவு எழுதப்படும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறதோ என்று ஐயப்பட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் இடையே இரண்டு விநாடி காத்திருக்கச் செய்தோம். சோதனை அரை நிமிடம் தாமதமாகத் தோற்றது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலையில்தான், கோப்பைத் திறக்கும் இடத்தில் அதன் பெயரை அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். இரண்டு இயந்திரங்களின் வெளியீட்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, என் கணினியில் ஆறாவதாக வந்த ‘ஊழியர்’ கோப்பு சர்வரில் பன்னிரண்டாவதாக வந்திருந்தது. ஊழியரைச் சுட்டும் ‘வருகை’ கோப்பு அங்கே மூன்றாவதாகவே வந்துவிட்டது. தமிழ் அகரவரிசையில் ஊகாரம் வகரத்துக்கு முன்னால் வருவதால், இரண்டு ஆண்டுகளாக அந்தச் சோதனை தேறியிருக்கிறது. வேறு எந்தக் காரணமும் இல்லை. அட்டவணைகளுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் முதல் நாளே பிழை வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே சோதனை கோப்புகளைத் திறக்கும் வரிசையைப் பதிவேட்டில் அச்சிட்டு வையுங்கள். அந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால் எங்கள் மூன்று நாள் மூன்று நிமிடமாகியிருக்கும்.

மார்ச் 8, 2024

என் முதல் குறிப்பில் ஒரு திருத்தம். ‘விண்டோஸில் அகரவரிசை கிடைக்கிறது’ என்ற பொருள்பட எழுதிவிட்டேன். வரிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இயங்குதளம் அன்று, கோப்பு முறைமை. அதே விண்டோஸில் ஃபேட் வடிவமைப்புள்ள ஒரு பென் டிரைவைச் செருகி அதிலிருந்து படித்தால், அடைவில் பதிவுகள் எந்த இடத்தில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையே வரும். வலையமைப்பு வழியாகப் படித்தால் மறுமுனையில் உள்ள சர்வரின் வரிசை வரும்.

மேக் கணினியிலும் இதே கதைதான். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர் வரிசையில் தந்து வந்தது. 2017இல் ஹை சியர்ரா பதிப்புடன் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் அப்படித் தருவதில்லை. ஆகவே ‘மேக்கில் தேறுகிறது’ என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டின் மேக் என்று கேட்காமல் அந்தத் தகவலுக்குப் பொருளில்லை.

மார்ச் 12, 2024

இது சோதனைக்குள் மட்டும் அடங்கும் தொல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, வேதியியலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூலக்கூறுகளின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு மதிப்புகளைக் கணக்கிடும் பைத்தான் நிரல்கள் சில, 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வெளியாயின. வில்லோபி–ஹோய் நிரல்கள் என்று அவை அறியப்படுகின்றன. கோப்புப் பெயர்களைத் திரட்டக் குளோப் என்ற செயற்கூற்றை அவை பயன்படுத்தின. திரட்டிய பட்டியல் பெயர் வரிசையில் இருக்கும் என்று கருதின. 2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தரவை வெவ்வேறு இயங்குதளங்களில் கொடுத்துப் பார்த்து, விடை மாறுவதை ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் வெளியிட்டார்கள். விண்டோஸ் 10இலும் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பிலும் 173.2 என்று வந்த மதிப்பு, உபுண்டு 16இல் 172.4 என்றும், மேக்கின் மொஹாவி பதிப்பில் 172.7 என்றும் வந்தது.

முந்தைய குறிப்போடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மேவரிக்ஸ் எச்எஃப்எஸ் பிளஸ் காலத்தது, மொஹாவி ஏபிஎஃப்எஸ் காலத்தது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல், ஒரே நிறுவனத்தின் இரண்டு பதிப்புகளுக்கிடையே விடை மாறியிருக்கிறது. என்னை மிகவும் கலங்கச் செய்வது அந்த எண்களின் நெருக்கம். நிரல் நின்றுபோயிருந்தால் முதல் நாளே யாராவது கவனித்திருப்பார்கள். 172.4 என்பதோ பார்வைக்கு நியாயமான விடை.

மார்ச் 15, 2024

எதன் அடிப்படையில் வரிசைப்படுத்துவது என்ற கடனை இப்போது தீர்க்கிறேன்.

முதலில் எண்கள். எழுத்துகளாக ஒப்பிடும்போது ‘பகுதி10’ என்பது ‘பகுதி2’ என்பதற்கு முன்னால் வரும். இதை எல்லோரும் ஒருமுறையாவது பட்டுத் தெரிந்துகொண்டிருப்போம். எண்களுக்கு முன் சுழியம் சேர்த்து ‘பகுதி02’ என்று எழுதினால் போதும்.

அடுத்தது மொழி அமைப்பு. கட்டளைகளை ஏற்கும் செயலோட்டில் (ஷெல்) கோப்புகளை விரித்துத் தரும்போது கிடைக்கும் வரிசை, அந்த இயந்திரத்தின் மொழி அமைப்பைப் பொறுத்தது. ‘சி’ எனப்படும் அடிப்படை அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அனைத்தும் சிறிய எழுத்துகளுக்கு முன்னால் வந்துவிடும். பிற அமைப்புகள் பலவற்றில் இரண்டும் கலந்து வரும். வரிசைப்படுத்திய பிறகும் சோதனை இடத்துக்கு இடம் மாறுவதற்கு இது ஒரு காரணம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவனம் தேவை. பெரும்பாலான நிரல்மொழிகளின் இயல்பான வரிசைப்படுத்தல் யூனிக்கோடு எண்ணை மட்டுமே பார்க்கிறது. யூனிக்கோடில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால் ‘மனம்’ முதலிலும் ‘மரம்’ பின்னாலும் வரும். நம் அகராதியில் அது தலைகீழ். புள்ளிக்குரிய எண் உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால் ‘கலை’ முதலில் வந்து ‘கல்’ பின்னால் வரும். மார்ச் 7ஆம் தேதிக் குறிப்பில் நான் சொன்ன ஊகாரமும் வகரமும் இரண்டு முறையிலும் ஒரே வரிசையில் அமைந்தது தற்செயல்.

இன்னும் நுணுக்கமான ஒன்று. ‘தொகை’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிக்கோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் ஆகிய இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒற்றைக் குறியாக இருந்தால் ‘தொகை’ என்பது ‘தேர்வு’ என்பதற்குப் பின்னால் வரும். பிரித்து எழுதினால் முன்னால் வரும். எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். பழைய மேக்கில் உருவான ஓர் அடைவை லினக்ஸுக்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்தும்போது இதனால் இடம் மாறலாம். கண்ணால் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, முழுப் பாதையை எழுத்துத் தொடராக வைத்து வரிசைப்படுத்துவது. ‘கணக்கு’ என்றோர் அடைவும் ‘கணக்கு1’ என்றோர் அடைவும் அருகருகே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் சாய்கோட்டுக்கு எண் 47, ஒன்று என்ற இலக்கத்துக்கு 49, விண்டோஸின் பின்சாய்கோட்டுக்கு 92. எனவே லினக்ஸில் ‘கணக்கு’ அடைவின் கோப்புகள் முதலில் வரும், விண்டோஸில் ‘கணக்கு1’ அடைவின் கோப்புகள் முதலில் வரும். வரிசைப்படுத்தும் அழைப்பு நிரலில் இருந்தும் இயங்குதளத்துக்கு ஏற்ப வரிசை மாறுகிறது. பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி ஒப்பிட வேண்டும்.

மார்ச் 18, 2024

வரிசைப்படுத்தியதும் சோதனை எல்லா இடத்திலும் தேறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எங்கே சேர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, ‘சோதனை நிரலில்’ என்று பதில் வந்தது. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் 5ஆம் தேதி நான் கொடுத்த அறிவுரை தவறு; அதைத் திரும்பப் பெறுகிறேன்.

உங்கள் மென்பொருள் வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வரில் ஓடும்போது, அங்கேயும் ஓர் அடைவைத்தான் படிக்கிறது. அங்கே யாரும் வரிசைப்படுத்தித் தருவதில்லை. சோதனை தோற்றபோது அது உண்மையைத்தான் சொன்னது: கோப்புகள் வரும் வரிசை மாறினால் உங்கள் மென்பொருளின் விடை மாறுகிறது. சோதனைக்கு மட்டும் அகரவரிசையை ஊட்டி, அந்த உண்மையை அது மறுபடி சொல்ல முடியாதபடி நாம் செய்துவிட்டோம். அதற்கு வழி சொன்னவன் நான்.

எதிர்பார்ப்புக் கோப்பு எங்கே உருவாக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். முதன்முதலில் அதை விண்டோஸில் ஓட்டிச் சேமித்திருந்தால், என்டிஎஃப்எஸ் தந்த வரிசையின் விளைவு அந்தக் கோப்புக்குள் ஏற்கெனவே பதிந்துவிட்டது. ‘சரியான விடை’ என்று நாம் வைத்திருப்பது, ஒரு வட்டின் பழக்கத்தால் வந்த விடையாக இருக்கலாம்.

இப்போது என் நிலைப்பாடு இதுதான். முதலில், வரிசைக்குப் பொருள் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு மென்பொருளின் பயனை அறிந்தவர் விடை சொல்ல வேண்டும். தரவுத்தளக் கட்டமைப்பை மாற்றும் கோப்புகளைப் போல வரிசைக்குப் பொருள் இருந்தால், அந்த வரிசை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்: பெயரின் முன்னால் எண்ணாகவோ, எதன் பின் எது என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பாகவோ. அதை மென்பொருளே படிக்க வேண்டும், சோதனை அன்று. வரிசைக்குப் பொருள் இல்லை என்றால், எந்த வரிசையில் வந்தாலும் ஒரே விடை தருமாறு மென்பொருளை எழுத வேண்டும். சோதனை அதை வேண்டுமென்றே கலைத்துப் பார்க்க வேண்டும். வரிசைக்கு உட்படாத பட்டியல்களை ஒப்பிடும்போது மட்டும், இரு பக்கத்தையும் வரிசைப்படுத்திக்கொண்டு ஒப்பிடுவதில் தவறில்லை.

உங்கள் மாதிரிக் கோப்புகளில் ஒரே வாடிக்கையாளர் எண் இரண்டு கோப்புகளில் வருகிறதா என்று பாருங்கள்.

மார்ச் 20, 2024

கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை வைத்து வரிசைப்படுத்தலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுக்கும்போது பழைய நேரம் மீட்கப்படுவதில்லை, எடுத்த நேரமே பதிவாகிறது. அதோடு ஃபேட் முறைமை மாற்ற நேரத்தை இரண்டு விநாடித் துல்லியத்தில்தான் வைத்திருக்கிறது. பத்துக் கோப்புகளும் ஒரே நேரத்தைக் காட்டும்.

மார்ச் 25, 2024

கருவிகளை மேம்படுத்தும்போதும் இதே சிக்கல் தலைதூக்கும். மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் குனு மேக் (make) கருவியில் (மேக் கணினி அன்று), வடிவத்துக்குப் பொருந்தும் கோப்புகளைத் திரட்டும் வைல்டுகார்டு செயற்கூறு ஒரு காலத்தில் வரிசைப்படுத்தித் தந்தது. 2010இல் வந்த 3.82 பதிப்பில் அது நிறுத்தப்பட்டது. 2020இல் வந்த 4.3 பதிப்பில் மறுபடி வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எழுதப்பட்ட ஒரு கட்டுமானக் கோப்பு, எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வேறு வரிசையில் இணைக்கும். ரூபி மொழி 3.0 பதிப்பிலிருந்துதான் டிர் குளோபின் விடையைத் தானாக வரிசைப்படுத்துகிறது. கோ மொழியில் அடைவைப் படிக்க இரண்டு வழிகள் உள்ளன: ஓஎஸ் தொகுப்பின் ரீட்டிர் செயற்கூறு வரிசைப்படுத்தித் தரும், திறந்த கோப்பின் மீது அழைக்கும் அதே பெயருள்ள மெதட் (ஒரு பொருளோடு இணைந்த செயற்கூறு) அடைவின் வரிசையிலேயே தரும். பெயர் ஒன்று என்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதிவிடுவது எளிது.

கோப்புகளுக்கு மட்டுமன்றி, சோதனைகளின் வரிசைக்கும் இது பொருந்தும். 2011இல் ஜாவா 7 வந்தபோது, ஒரு வகுப்பின் மெதட்கள் கிடைக்கும் வரிசை மாறியதால், ஜாவாவின் சோதனைக் கருவியான ஜேயூனிட்டில் ஒன்றை ஒன்று சார்ந்திருந்த சோதனைகள் பல இடங்களில் தோற்றன. மறு ஆண்டு வந்த ஜேயூனிட் 4.11 ஒரு நிலையான வரிசையைக் கொடுத்தது.

ஏப்ரல் 2, 2024

கலைத்துப் பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எளிய வழியிலிருந்து தொடங்குங்கள்: கோப்புப் பட்டியலை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் கொடுத்துச் சோதனையை ஓட்டுங்கள். எந்த இரண்டு கோப்புகளை எடுத்துக்கொண்டாலும், இது முன்னால் அது பின்னால் என்பதும், அது முன்னால் இது பின்னால் என்பதும் இந்த இரண்டு ஓட்டங்களுக்குள் வந்துவிடும். நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு கோப்புகளுக்கு இடையிலானவை, இதிலேயே அகப்பட்டுவிடும். மூன்று கோப்புகள் ஒரு குறிப்பிட்ட விதமாக அமைந்தால் மட்டும் வெளிப்படும் பிழைக்கு எழுமாறான கலைப்பு தேவை. அப்படிக் கலைக்கும்போது விதை எண்ணைக் கட்டாயம் அச்சிடுங்கள். அது இல்லாமல் தோற்ற ஓட்டத்தை மறுபடி வரவழைக்க முடியாது.

நிரலையே தொடாமல் பார்க்க வேண்டுமென்றால், மறுவுருவாக்கக் கட்டுமானத் திட்டத்தார் உருவாக்கிய டிஸ்ஆர்டர்எஃப்எஸ் இருக்கிறது. இது லினக்ஸில் ஓர் அடைவின் மேல் பொருத்தக்கூடிய கோப்பு முறைமை. அடைவைப் படிக்கும் எந்த நிரலுக்கும் பெயர்களைத் தலைகீழாகவோ கலைத்தோ கொடுக்கும். மாதிரிக் கோப்புகள் உள்ள அடைவின் மேல் அதைப் பொருத்தி எங்கள் சோதனைத் தொகுதி முழுவதையும் ஓட்டியபோது, நான் எழுதிய சோதனைகளிலேயே இரண்டு தோற்றன. அவை இரண்டும் ‘முதல் கோப்பு’ என்று பட்டியலின் சுழியாம் உறுப்பை எடுத்துக்கொண்டிருந்தன.

ஏப்ரல் 9, 2024

அடைவில் எதுவும் சேர்க்காமலேயே வரிசை மாறியது எப்படி என்ற ஐயத்துக்கு விடை தேடிப் பார்த்தேன். பல எடிட்டர்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றுகின்றன. உருவான வரிசையில் பெயர்களைத் தரும் பிடிஆர்எஃப்எஸ் போன்ற முறைமையில், இப்படிச் சேமித்த கோப்பு பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். ஒரு மாதிரிக் கோப்பில் ஓர் இடைவெளியைத் திருத்திச் சேமித்தால் போதும்.

கன்டெய்னருக்குள், அதாவது நிரலை அதன் சூழலோடு தனித்து ஓட்டும் பெட்டிக்குள், ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. அங்கே பயன்படும் ஓவர்லே முறைமை பல அடுக்குகளின் அடைவுகளை இணைத்து ஒரே பட்டியலாகத் தருகிறது. ஆகவே படிமத்தில் இருந்த கோப்பை ஓட்டத்தின்போது தொட்டால், பட்டியலில் அதன் இடம் மாறலாம்.

ஏப்ரல் 16, 2024

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் படித்தேன். ஒரே வாடிக்கையாளர் எண் இரண்டு கோப்புகளில் இருந்ததும், பின்னால் படிக்கப்பட்டது முன்னதை அழித்து எழுதியதும்தான் காரணம் என்று உறுதியாகியிருக்கிறது. இரண்டில் எது செல்லும் என்பதை முடிவு செய்ய, ‘நடைமுறைக்கு வரும் தேதி’ என்ற புலத்தைச் சேர்த்து, பிந்தைய தேதியுள்ள பதிவே நிற்கும் என்று மென்பொருளிலேயே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தேதிகளும் ஒன்றாக இருந்தால் பிழை என்று அறிவித்து நிறுத்துவதும் சரியான முடிவு. அங்கே வரிசையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் பழைய சிக்கலே வேறு வாசல் வழியாக வந்திருக்கும்.

எதிர்பார்ப்புக் கோப்பைப் புதிதாக உருவாக்கியபோது மூன்று வரிகள் மாறின என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரிகளையும் கையால் கணக்கிட்டுச் சரிபார்த்த பிறகே சேமித்ததற்கு என் நன்றி. சோதனையிலிருந்து வரிசைப்படுத்தும் வரியை எடுத்துவிட்டு, நேராகவும் தலைகீழாகவும் ஓட்டும் அமைப்பை அதே இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரை அச்சிடும் வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்.